மாம்பழக் கலர் சட்டை

எங்கள் பக்கத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் வீட்டுக்கு முந்திப் பொம்மையைத்தான் கட்டுவார்கள். கடைக்கால் எழும்பினதும் ஒரு கம்பை நட்டு, பழைய சட்டை பேண்ட்டில் வைக்கோலைத் திணித்து, மண்சட்டியைத் தலையாகக் கவிழ்த்து, சுண்ணாம்பில் கண்ணும் கரியில் மீசையும் எழுதித் தூக்கி நிறுத்துவார்கள். வருகிறவன் போகிறவன் கண்ணெல்லாம் அதன்மேல் விழுந்து அதோடு ஒழிந்துபோகட்டும் என்பதற்காக. அந்தச் சட்டை யாருடையது என்று எவனும் நின்று பார்க்க மாட்டான். கல்லோடைப்பட்டியில் ஆனந்தி வீட்டுப் பொம்மையை மட்டும் ஊரே நின்று பார்த்தது. சட்டை யாருடையது என்பது ஊருக்கே தெரிந்திருந்தது.

அது மாம்பழக் கலர் சட்டை. நத்தம் ரோட்டில் சாணார்பட்டியைத் தாண்டிவிட்டால் அந்தக் கலரை உடம்பில் போடத் துணிந்த ஆம்பளை ஒரே ஒருத்தர்தான். அவர் முத்துச்சாமி, ஆனந்தியின் புருஷன் கருப்புசாமிக்குக் கூடப்பிறந்த அண்ணன். புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுத்து உலுக்குகிறவர், டிராக்டர் வைத்திருக்கிறவர், நல்ல மனிதர் என்று நாலு பேரும் திமிர் பிடித்தவர் என்று நாற்பது பேரும் சொல்லக்கூடியவர்.

சட்டை எப்படி ஆனந்தி கைக்கு வந்தது என்பதும் ரகசியம் இல்லை. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவன் ஒருநாள் முத்துச்சாமி வீட்டில் துணி எடுத்துக்கொண்டு வந்தான். அவன் மூட்டைக்கு மேலே அந்தக் கலர் எட்டிப் பார்த்தது. ஆனந்தி அவனை நிறுத்தி, தான் நல்லதுக்குக் கட்டுகிற சேலையில் ஒன்றைக் கொடுத்து அந்தச் சட்டையை வாங்கினாள். "எல்லாரும் துணியக் குடுத்துச் சட்டி வாங்குவாக. நீ துணியக் குடுத்துத் துணி வாங்குறியேத்தா" என்று அவன் சிரித்துக்கொண்டே போனான். ஆனந்தி சிரிக்கவில்லை. சட்டையைத் துவைக்காமல் அப்படியே மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். அப்போது அவளுக்கு வீடும் இல்லை, வீடு கட்ட வழியும் இல்லை. ஆனால் கட்டப்போகிற வீட்டுக்குப் பொம்மை எதுவென்று முடிவாகிவிட்டது.

அவள் கோபத்துக்குக் காரணம் மூன்று வருசத்துக்கு முந்தின ஐப்பசி. அப்போது அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். முத்துச்சாமி முன்கட்டில், கருப்புசாமி பின்கட்டில். அந்த வாரம் கிணற்று மோட்டார் விசயமாக இரண்டு பேருக்கும் முகம் கோணியிருந்தது. அன்றைக்குக் காலையில்தான் முத்துச்சாமியின் புது டிராக்டருக்குப் பூசை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், பானட்டில் சந்தனம், மாம்பழக் கலர் சட்டையில் முத்துச்சாமி. அவர் பெண்டாட்டி வெள்ளைத்தாய் பூசைப் பொங்கலைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு அய்யலூர் போனாள். மதியம் வானம் இடிந்து விழுந்ததுபோல மழை. ஆனந்திக்கு ஏழாம் மாசம். மழைக்குள்ளேயே வலி கண்டுவிட்டது.

போன் போட்டதும் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. தரைப்பாலத்துக்கு மேலே செம்மண் தண்ணீர் புரண்டு போனது. அதைத் தாண்டக்கூடிய ஒரே வண்டி முன்வாசலில் சந்தனப் பொட்டோடு நின்ற டிராக்டர். கருப்புசாமி அண்ணனிடம் சொல்ல ஓடினான். நனைந்துபோய்த் திரும்பி வந்தான்.

"அண்ணே மாட்டேன்ட்டாரு" என்றான். "பூசை போட்ட அன்னைக்கே ரத்தம் படக்கூடாதுன்ட்டாரு."

அப்புறம் நாலு பேர் அவளைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி, இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, நின்று நின்று அக்கரை சேர்த்தார்கள். ஆம்பளைப் பிள்ளை. மூச்சு இல்லை. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று சொன்னவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆனந்திக்கு அந்தப் பாதி போதுமானதாக இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் அவள் மூன்று வருசம் உயிரோடு இருந்தாள் என்று சொல்ல வேண்டும். சிலருக்குச் சோறு, சிலருக்குச் சாமி, அவளுக்கு அது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. ஊர் முனையில் தங்கள் பங்குக்கு வந்த துண்டு நிலத்தில் தகரக் கொட்டகை போட்டு இருந்தார்கள். கருப்புசாமிக்கு சென்ட்ரிங் வேலை. மற்றவர்கள் வீட்டுக் கூரைக்குப் பலகை அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் இறுகினதும் பிரித்துக்கொண்டு வருகிறவன். வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாய் திறந்து யாரிடமும் ஒன்று கேட்க மாட்டான். பஸ்ஸில் நிறுத்தம் தாண்டிப் போனால் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஊரில் இறங்கி நடந்து வருவான். கடையில் சீனிக்குப் பதில் ரவையைக் கட்டிக் கொடுத்தால் அதை அப்படியே கொண்டுவந்து வைப்பான். ஆனந்திதான் திரும்பப் போய் மாற்றிக்கொண்டு வருவாள். வீடு கட்டுகையில் கொத்தனாரிடம் படிக்கட்டு கோணல் என்று சொன்னவளும் அவள்தான். அவன் அந்தக் கோணல் படியில் காலைச் சாய்த்து வைத்து ஏறப் பழகிக்கொண்டிருந்தான்.

ஒரு ஹால், ஒரு ரூம், அடுப்படி, வெளியே மாடிப்படி. வெளிப்பூச்சுக்கு வெள்ளையடிக்கவில்லை. ஆனால் கூரை போட்ட அன்று கருப்புசாமி யாருக்கும் சொல்லாமல் ரூமுக்கு நடுவே கம்பியில் ஒரு கொக்கியை வளைத்துக் கட்டிக் கான்கிரீட்டுக்குள் விட்டிருந்தான். பலகையைப் பிரித்தபோது கூரையிலிருந்து அது எட்டிப் பார்த்தது. தொட்டில் கொக்கி. ஆனந்தி அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதாள். மூன்று வருசத்தில் அவள் சந்தோசமாக அழுதது அந்த ஒரு தடவை. சொல்லி வைத்த மாதிரி வீடு முடிகிறதற்குள் வயிற்றில் தங்கியும் விட்டது.

தை மாசம் பால் காய்ச்சினார்கள். அன்றைக்கே பொம்மையை இறக்கிக் கொளுத்தியிருக்க வேண்டும், அதுதான் வழக்கம். ஆனந்தி அதைக் கம்போடு பிடுங்கி மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஏற்றிக் கட்டச் சொன்னாள். முத்துச்சாமி தினம் புளியந்தோப்புக்குப் போகிற பாதை அந்த வீட்டுக்கு முன்னால்தான். ஏற்றின அன்றிலிருந்து அவர் குனிந்த தலையோடு போனார். ஆனந்தி வாசலில் நின்று, அவர் திருப்பம் தாண்டுகிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

மாசி பிறந்ததும் புளி வேலை தொடங்கிவிட்டது. நத்தத்து வியாபாரிகள் மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டுப் போவார்கள். பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஓட்டை உடைத்து, நார் உரித்து, கல்லில் வைத்துச் சின்ன இரும்புச் சுத்தியால் தட்டிக் கொட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். விரலெல்லாம் புளி அரித்து வெந்துவிடும். நகக்கண்ணில் கறுப்பு ஏறினால் சித்திரை வரைக்கும் போகாது. ஆனந்தியோடு சேர்ந்து தட்ட எதிர்வீட்டு வியாகுலம்மாள் வருவாள். கைக்குச் சரியாக வாயும் ஓடுகிற மனுசி.

"ஏத்தா ஆனந்தி, பால் காச்சுன வீட்டுல பொம்ம என்னத்துக்கு? எறக்கிப் போட்டுக் கொளுத்திர வேண்டியதுதான."

"கண்ணு பட்டுரும்லக்கா."

"கண்ணுக்குப் பூசணிக்காயக் கட்டு. கண்ணாடிய மாட்டு. இந்தக் கிறுக்குப் பிடிச்ச கலருதான் வேணுமாக்கும்."

"இது நல்லாக் காக்குதுக்கா."

"உன் வயித்துல ஒண்ணு கெடக்கு. அதுக்கு நல்லதான்னு பாரு. நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தி உனக்காக வேண்டிக்கிட்டு இருக்கேன். நீ மாடியில ஆளக் கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு இருக்க."

"ஆளு எங்கக்கா? வெறும் வைக்கோலு" என்றாள் ஆனந்தி. சுத்தி கல்லில் விழுந்தது. கொட்டை தெறித்து வாசலுக்குப் போனது. அவள் தட்டுவதைப் பார்த்தால் புளியைத் தட்டுகிற மாதிரி இருக்காது என்று வியாகுலம்மாள் பின்னால் எங்களிடம் சொன்னாள்.

அந்த மாசிக் கடைசியில் முத்துச்சாமி மரத்திலிருந்து விழுந்தார். உலுக்க வருகிற ஆள் கல்யாண வீடு என்று நின்றுவிட, குத்தகை முடியப்போகிற அவசரத்தில் தானே ஏறியிருக்கிறார். ஐம்பது வயசில் புளிய மரம் ஏறினால் விழாமல் என்ன செய்யும்? வலது தோள் எலும்பு முறிந்து, கை மடங்காமல் தொங்கிவிட்டது. திண்டுக்கல்லில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அதே வாரம் அடித்த காற்றில் ஆனந்தி வீட்டுப் பொம்மைக்கு வலது கை வைக்கோல் உதிர்ந்து, சட்டைக்கை துவண்டு தொங்கியது. ஊருக்கு இது போதாதா? டீக்கடையில், குழாயடியில், ரேசன் கடை வரிசையில் வேறு பேச்சு இல்லை. பொம்மைக்குக் கை போனது முந்தியா, மனுசனுக்குப் போனது முந்தியா என்று பந்தயம் கட்டாத குறை.

ஆனந்தி அதை நம்பவில்லை. இல்லை என்றும் யாரிடமும் சொல்லவில்லை. பயப்படுகிறார்கள் என்றால் பயப்படட்டும் என்று இருந்தாள். உண்மையைச் சொன்னால் அந்த வாரம் அவளுக்கு நன்றாகப் பசித்தது.

நாலைந்து நாளில் வெள்ளைத்தாய் வந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றாள்.

"வாங்கக்கா" என்றாள் ஆனந்தி. எதிரியே ஆனாலும் வாசலுக்கு வந்தவளை வா என்று சொல்லாமலிருக்க எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வராது. ஆனால் சுத்தியைக் கீழே வைக்கவில்லை.

"உள்ள வரலத்தா. ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றேன். அந்தச் சட்டைய எறக்கிரு."

"எந்தச் சட்டைக்கா?"

"தெரியாத மாதிரிப் பேசாத. அவரு ராத்திரி தூங்குறதில்ல. கை வலிங்கிறாரு. கை வலி மட்டும் இல்லன்னு எனக்குத் தெரியும். வேற சட்டையப் போட்டுக்க. நான் வேணாப் புதுசு ஒண்ணு எடுத்துத் தாரேன்."

"புதுசு எதுக்குக்கா பொம்மைக்கு?"

வெள்ளைத்தாய் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் அன்னைக்கு ஊருல இல்ல. இருந்திருந்தா அவரு கால்ல விழுந்தாவது வண்டிய எடுக்க வச்சிருப்பேன். எம் மேல என்ன கோவம் ஒனக்கு?"

"ஒங்க மேல ஒண்ணும் இல்லக்கா."

"அப்பறம்?"

ஆனந்தி அப்போதுதான் சுத்தியை வைத்தாள். "அவரு வந்து இந்த வாசல்ல நிக்கணும். அன்னைக்கு வண்டிய எடுக்க மாட்டேன்னு சொன்னேன்னு, அவரு வாயால எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். சொன்னா அடுத்த நிமிசம் எறக்கிருவேன். எனக்கு மன்னிப்பெல்லாம் வேணாம். சொன்னாப் போதும்."

"தம்பி பொண்டாட்டி வாசல்ல வந்து நிக்கச் சொல்றியா அவர? ஊரு என்ன சொல்லும்?"

"நான் கட்டில்ல போறப்ப ஊருதான தூக்கிட்டுப் போச்சு. ஊருக்குத் தெரியும்க்கா."

வெள்ளைத்தாய் பொம்மையை நிமிர்ந்து பார்க்காமலே போய்விட்டாள்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த கருப்புசாமிக்கு ரோட்டிலேயே சேதி எட்டிவிட்டது. கை கால் கழுவினவன் சாப்பிட உட்காராமல் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பால் காய்ச்சின நாளிலிருந்தே அவன் அந்தப் பொம்மையை இறக்கிவிடலாம் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறான். இடி இழுக்கும் என்றான். காக்கா கூடு கட்டும் என்றான். அண்ணன் பாசம் என்று ஆனந்தி நினைத்துக்கொண்டாள்.

"மதினி வந்தாகளாக்கும்" என்றான்.

"வந்தாக."

"விட்ரு ஆனந்தி. கை ஒடிஞ்சு கெடக்காரு. நானே ஏறி எறக்கிர்றேன்."

"நீங்க ஏறுனா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். பிள்ள பெறந்தாலும் திரும்பி வர மாட்டேன்."

"அவரு எங்க வரப்போறாரு. வர மாட்டாரு."

"வராட்டி அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

"வந்தா?" என்றான். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"வந்தா என்ன? நல்லதுதான?"

அவன் அன்றைக்குச் சோற்றில் பாதியை நாய்க்கு வைத்தான்.

முத்துச்சாமி பங்குனி முதல் வாரத்தில் ஒருநாள் காலையில் வந்தார். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கருப்புசாமி நத்தத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். பெண்கள் இரண்டு பேரும் வாசலில் புளியைக் குவித்து உட்கார்ந்திருந்தார்கள். கையைக் கழுத்தோடு துணியில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு தோளில் மட்டும் சட்டையைப் போர்த்திக்கொண்டு அவர் பாதையில் வந்து நின்றார். வெள்ளைத்தாய் கொஞ்ச தூரத்தில் வேப்ப மரத்தடியிலேயே நின்றுவிட்டாள்.

வியாகுலம்மாள் எழுந்தாள். ஆனந்தி அவள் சேலையைப் பிடித்து உட்கார வைத்தாள். "இருங்கக்கா. சாட்சிக்கு ஒரு ஆளு இருந்து கேக்கணும்." பிறகு எழுந்து, வழக்கப்படி தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வாங்க மாமா."

"வந்துட்டேன்த்தா" என்றார். நெற்றியில் வேர்த்திருந்தது. "நான் சொல்லணும்னயாம்ல."

"ஆமா."

"என்ன சொல்லணும்?"

"அன்னைக்கு என்ன சொன்னீகளோ அதச் சொல்லுங்க."

முத்துச்சாமி நிமிர்ந்து மாடியிலிருந்த தன் பழைய சட்டையைப் பார்த்தார். துவண்ட கை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "பொய்யா வந்து சொல்லிட்டுப் போன்னு எம் பொண்டாட்டி நாலஞ்சு நாளா உசுர வாங்குறா. சொல்லிட்டா ஒனக்கும் ஆறும், எறக்கிருவ, எங் கையும் நல்லாயிருங்கிறா. எனக்கு வரலத்தா. நான் மாட்டேன்னு சொல்லல."

ஆனந்திக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. "மூணு வருசம் கழிச்சு இதச் சொல்லவா வந்தீக?"

"என்னய யாரும் கேக்கவே இல்லையேத்தா. கேட்டாத்தான மாட்டேன்னு சொல்றதுக்கு."

"உங்க தம்பி வந்தாருல்ல?"

"வந்தான். படிக்குக் கீழ, மழையில நின்னான். 'மழை விடாது போலண்ணே'ன்னான். 'ஆமாலே'ன்னேன். செத்த நேரம் நின்னான். டிராக்டரப் பாத்தான், என்னயப் பாத்தான். போயிட்டான்."

வியாகுலம்மாள் கையிலிருந்த சுத்தி அப்படியே நின்றது. 'மழை விடாது போலண்ணே'. அந்தக் குரல் ஆனந்தி காதில் அப்படியே கேட்டது. ரவையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு 'கடையில கூட்டமா இருந்துச்சு' என்று சொல்கிற அதே குரல். முத்துச்சாமியால் அதைக் கட்டிச் சொல்ல முடியாது. கட்டிச் சொல்கிறவன் இன்னும் கொஞ்சம் நன்றாகக் கட்டியிருப்பான்.

"என் சத்தம் கேக்கலையா ஒங்களுக்கு?" என்றாள்.

முத்துச்சாமி கட்டுப் போட்ட கையை இடது கையால் தாங்கிக்கொண்டார்.

"கேட்டுச்சு" என்றார். "மழையில கேக்கலன்னு சொல்லலாம், ஆனா கேட்டுச்சு. வண்டி வேணும்னு எனக்கே தெரிஞ்சுச்சு. ஒரு வாரமா எங்கிட்ட மூஞ்சி குடுக்காம திரிஞ்சவன், இப்ப வந்து வாயத் தெறந்து கேக்கட்டும்னு உக்காந்திருந்தேன். சாவி மடியிலதான் இருந்துச்சு. கேட்டிருந்தா எடுத்திருப்பேன். பூசையாவது மண்ணாவது, எடுத்திருப்பேன். கேக்கட்டும் கேக்கட்டும்னே இருந்துட்டேன். அப்பறம் பாத்தா கட்டில் போகுது."

"ரத்தம் படக்கூடாதுன்னு சொன்னதா ஊரெல்லாம் பேசுச்சே. அப்பவாவது இல்லன்னு சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லி? எந் தம்பி பொய் சொல்றான்னு நாலு பேரு முன்னாடி அவன நிறுத்தவா? பிள்ளையப் பறிகுடுத்தவன. நானும் யோக்கியன் இல்லையேத்தா. பாதிக்குப் பாதி எம் மேலயும் இருக்குன்னு வாய மூடிக்கிட்டேன். இப்பவும் நான் எறக்கச் சொல்லி வரல. அது தொங்கட்டும். அதுக்கு நான் ஆளுதான். ஆனா சொல்லாததச் சொன்னேன்னு என்னால சொல்ல முடியாது. அதான் வந்தேன்."

பேசி முடித்துவிட்டு அவர் திரும்பினார்.

"நில்லுங்க மாமா" என்றாள் ஆனந்தி.

சுவரில் சாத்தியிருந்த புளி பறிக்கிற தொரட்டியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். வியாகுலம்மாள், "ஏத்தா, வயித்துப்பிள்ளக்காரி, பாத்து" என்று பின்னாலேயே ஏறினாள். கட்டுக் கயிற்றை அறுத்ததும் தொரட்டியால் கொக்கி போட்டு இழுக்க, பொம்மை கைப்பிடிச் சுவரிலிருந்து மாடித் தளத்தில் விழுந்தது. மண்சட்டித் தலை உடைந்து ஓடாயிற்று. சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வைக்கோலை உதறி, மடித்துக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். வெயிலில் கலர் போய், சட்டை வெந்த பருப்பு நிறத்தில் இருந்தது.

"அதான் எறக்க வேணாம்னேனே" என்றார்.

"நீங்க வந்து நின்னீக. கேட்டதுக்குப் பதில் சொன்னீக. எடுத்துட்டுப் போங்க. உங்க பாதிய நான் மறக்க மாட்டேன். ஆனா அதுக்கு இம்புட்டு நாளு தொங்கினது போதும்."

முத்துச்சாமி சட்டையை நல்ல கையில் வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். வேப்ப மரத்தடியில் வெள்ளைத்தாய் அதை வாங்கிப் பார்த்து அழுவது இங்கிருந்தே தெரிந்தது.

வியாகுலம்மாள் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "விடுத்தா. பயந்த பிள்ள. அண்ணனுக்குப் பயந்துட்டான். வேணும்னேவா செஞ்சான்? இப்ப வயித்துல ஒண்ணு வந்துருச்சு, வீடு வாசல்னு ஆயிருச்சு. மனசுக்குள்ளயே போட்டு மூடிரு."

"எத்தன நாளு மூடுறதுக்கா?" என்று கேட்டாள் ஆனந்தி.

கோபம் வடிந்துபோகும் என்றுதான் அவளே எதிர்பார்த்திருந்தாள். அந்த ஆள் வந்து நின்றால், சொன்னால், எல்லாம் இறங்கிப் போய்விடும், பிள்ளையை நிம்மதியாகப் பெற்றுக்கொள்ளலாம் என்று. வடியவில்லை. மூன்று வருசமாக ரோட்டைப் பார்த்து நின்றது இப்போது வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்றது. அவன் பயந்ததைக்கூட அவளால் பொறுத்துக்கொள்ள முடியும். ஆனால் திரும்பி வந்து அவள் முகத்தைப் பார்த்து ஒரு பொய்யைச் சொன்னானே, அந்தப் பொய்யை அவள் மூன்று வருசமாகப் பால் ஊற்றி வளர்த்தபோது பக்கத்திலேயே படுத்திருந்தானே, அதை அவளால் பொறுக்க முடியவில்லை. கொக்கி வளைத்துக் கட்டின கையும் அதே கை என்பது இன்னும் எரிந்தது.

மதியத்துக்கு மேலே அவள் புளியை எடுத்து வைத்துவிட்டு பீரோவைத் திறந்தாள். பால் காய்ச்சுகிற அன்றைக்குப் போட அவளே திண்டுக்கல்லில் கடை கடையாக ஏறி எடுத்துக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை. ஒரு தடவைதான் போட்டிருந்தான். வைக்கோல் மாடியிலேயே கிடந்தது. புதுச் சட்டி ஒன்றை வியாகுலம்மாள் வீட்டில் கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கென்று தெரிந்தும் வியாகுலம்மாள் கொடுத்தாள். தடுத்துப் பார்க்கத்தான் நினைத்ததாகவும், அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை என்றும் சொன்னாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் கருப்புசாமி வண்டியில் வந்தான். வழியிலேயே மாம்பழக் கலர் இல்லாததைக் கவனித்துவிட்டான் போலிருக்கிறது, முகம் தெளிந்திருந்தது. கிட்டே வந்ததும் வண்டி மெதுவாகி நின்றுவிட்டது. இன்ஜினை நிறுத்தாமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை புதுக் கருக்கோடு காற்றில் புடைத்து நின்றது. எதிர்வீட்டில் வியாகுலம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தில் தண்ணீர் வழிவதைக்கூடப் பார்க்கவில்லை.

"கை கால் கழுவிட்டு வாங்க. சோறு ஆறுது" என்றாள் ஆனந்தி உள்ளிருந்து.

அவன் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். தட்டில் சோற்றை வைத்தாள். கருவாட்டுக் குழம்புச் சட்டியைத் தன் பக்கத்தில் மூடி வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். தொட்டுக்கொள்ள வெஞ்சனமும் வைக்கவில்லை. அவன் வெறுஞ்சோற்றைப் பார்த்தான். குழம்புச் சட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அண்ணே வந்தாராக்கும்" என்றான்.

"வந்தாரு."

"கேக்கணும்னுதான் போனேன் ஆனந்தி. சத்தியமா கேக்கணும்னுதான் போனேன். வாய் வரல. நான் என்ன செய்ய?"

"மழை விடாது போலன்னு சொல்ல வந்துச்சுல்ல."

அவன் அழுதான். ஆம்பளை அழுவதைப் பார்த்து இரங்கிப்போகிற நாள் அவளுக்கு என்றைக்காவது வரலாம், அன்றைக்கு வரவில்லை. அவன் அழுது முடிக்கிற வரைக்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புளியில் வெந்த விரல்கள் எரிந்தன.

"ஊரே பாக்குது" என்றான்.

"பாக்கத்தான கட்டுறது."

அவன் தலையை நிமிர்த்தினான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் தனக்கென்று வாய் திறந்து ஒன்றைக் கேட்டது அப்போதுதான்.

"எப்ப எறக்குவ?"

ஆனந்தி சட்டியைத் திறந்து அவன் தட்டில் குழம்பை ஊற்றினாள்.

"நான் எறக்க மாட்டேன். பிள்ள பெறந்து, பேச்சுப் படிச்சு, அது யாரு சட்டப்பான்னு ஒங்களக் கேக்கும்ல, அன்னைக்கு அதுக்கிட்டச் சொல்லிட்டு நீங்களே ஏறி எறக்குங்க" என்றாள்.